வீட்டு வளைகாப்புக்கு 1,500 ரூபாய்க்குள் பூ அலங்காரம்: எந்தப் பூ, எவ்வளவு, எப்போது வாங்குவது?

கூடல்நகர்:

வணக்கம். வைகாசி கடைசி ஞாயிறு காலை 9.30க்கு வீட்டிலேயே தங்கச்சிக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம். ஊர் மதுரை. மாடி ஹால் 12 அடிக்கு 14 அடி, ஏசி கிடையாது, 2 சீலிங் ஃபேன். 40 பேர் வரை வருவார்கள். அலங்காரம் செய்பவர்களிடம் விசாரித்தால் செயற்கைப் பூவுக்கே பெரிய தொகை சொல்கிறார்கள். எனக்கு நிஜப் பூதான் வேண்டும். பூ, நூல், ஊசி எல்லாம் சேர்த்து 1,500 ரூபாயைத் தாண்டக்கூடாது.

அலங்கரிக்க வேண்டிய இடங்கள் நாலு. நாற்காலிக்குப் பின்னால் 6 அடி அகலச் சுவர், மூன்றரை அடி வாசல் நிலை, வாசலில் வைக்க 12 அங்குலப் பித்தளை உருளி, வளையல் தட்டு மேசையின் இரண்டு ஓரங்களுக்கும் சின்ன அலங்காரம். வாசலில் கட்ட 2 வாழைமரம் சொல்லியாகிவிட்டது. மாவிலையும் நெட்டிலிங்க இலையும் பக்கத்து வீட்டில் பறித்துக்கொள்ளலாம். பூக்கட்ட 3 பேர் இருக்கிறோம்.

சுவர் முழுக்க மல்லிகைச் சரம் விடலாம் என்கிறார் ஒருவர், ஜெர்பரா வாங்கு என்கிறார் இன்னொருவர். எதை எவ்வளவு வாங்குவது? சனிக்கிழமையே கட்டி வைத்தால் ஞாயிறு மதியம் வரை வாடாமல் நிற்குமா?

உதிரிப்பூ:

மல்லிகையைச் சுவருக்குக் கொண்டுபோகாதீர்கள். காலையில் பறித்த மொட்டு அன்று சாயங்காலமே விரிந்துவிடும். சனிக்கிழமை கட்டிய சரம் ஞாயிறு 10 மணிக்குப் பழுப்பேறித் தொங்கும். தவிர, மொட்டு பொடிசு. 6 அடிச் சுவரில் தெரிகிற அளவுக்குத் தொடுத்தால் உங்கள் பணம் முழுவதும் அதிலேயே போய்விடும். வைகாசியில் மல்லிகை வரத்து நன்றாகவே இருக்கும், ஆனால் முகூர்த்த நாள் சேர்ந்தால் அந்த வரத்தும் போதாது. தலைக்கு வைக்க மட்டும் ஞாயிறு விடியற்காலையில் வாங்குங்கள்.

ஜெர்பரா மாதிரிக் காம்போடு கட்டாக விற்கும் பூவில் நீங்கள் காம்புக்கும், பெட்டிக்கும், ஓசூரிலிருந்து வரும் வண்டிக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறீர்கள். கிலோவில் விற்கும் உதிரிப்பூவில் முழுக்கப் பூதான். குறைந்த செலவில் அலங்காரம் என்றால் முக்கால்வாசி வேலையை உதிரிப்பூவில் முடித்துவிட்டு, காம்புப் பூவை முகத்துக்கு நேரே வரும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். உங்களுக்கு அந்த இடம் வளையல் மேசை.

செண்டுமல்லிதான் உங்களுக்கு அடிப்படை. பெரிய பூவாக இருந்தால் கிலோவுக்குச் சுமார் 100 முதல் 120 பூ நிற்கும், சிறிதென்றால் 150 பூவைத் தாண்டும். நடுக்காம்பில் ஊசி ஏற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஓர் அடிக்கு 10 பூ. ஆக ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 10 அடிச் சரம். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எந்தச் சுவருக்கும் எவ்வளவு வாங்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சுவருக்கு மேலே, குறுக்காக ஒரு கம்பில் கட்டும் 6 அடிக் கிடைச்சரம் ஒன்று. அதிலிருந்து 9 அங்குலத்துக்கு ஒன்றாக 9 சரம் தொங்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் விடாதீர்கள். ஓரத்திலிருந்து 4 அடி, 3, 2, ஒன்றரை, நடுவில் 1 அடி, பிறகு மறுபடி ஒன்றரை, 2, 3, 4. மொத்தம் 22 அடி, கிடைச்சரத்தோடு 28 அடி, அதாவது 3 கிலோ. கம்பு தரையிலிருந்து 7 அடி உயரத்தில் இருந்தால் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே வளைவு மாதிரி விழும். சந்தனம் பூச நிற்கிறவர்களும் படத்தில் பூவுக்குள்ளேயே வருவார்கள். நாற்காலி மறைக்கிற இடத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் ஒரு பூகூட வேண்டாம், படத்தில் விழாது. எல்லாச் சரத்தையும் தரைவரை விட்டால் 7 கிலோ ஆகும். பார்வைக்கு இதைவிட நன்றாகவும் இருக்காது.

வாசல் தோரணத்துக்கு 42 அங்குலத்தில் 2 அங்குலத்துக்கு ஒன்றாக 21 மாவிலை, இடையிடையே 20 பூ. உருளிக்கு முழுக்கப் பூ நிரப்பினால் 35 பூ. மேசையின் இரண்டு ஓரத்துக்கும் சேர்த்து 70 பூ. அடிபட்டது, உதிர்ந்தது என்று பத்துக்கு ஒன்று கழியும். ஆக 5 கிலோ வாங்குங்கள். அதில் 3 கிலோ ஆரஞ்சு, 2 கிலோ மஞ்சள்.

விலை அன்றன்றைக்கு மாறும். வரத்து குவிந்த நாளில் கிலோ 30க்கும் கிடைக்கும், முகூர்த்தம் என்றால் 100ஐயும் தாண்டும். 80 என்று வைத்தால் 400 ரூபாய். அரை கிலோ சம்பங்கிக்கு 100, அரை கிலோ பட்டன் ரோஸுக்கு 100, காம்பு ரோஜா 20 அடங்கிய ஒரு கட்டுக்கு 200, காம்புச் சாமந்தி ஒரு கட்டுக்கு 150, நூல், ஊசி, கட்டுக்கம்பிக்கு 80. மொத்தம் 1,030. மீதியை விலை ஏற்றத்துக்கும் ஆட்டோவுக்கும் ஒதுக்கி வையுங்கள். காலண்டரில் அந்த ஞாயிறு முகூர்த்தம் என்று போட்டிருந்தால் சனிக்கிழமையே விலை ஏறியிருக்கும். அப்படியானால் செண்டுமல்லியை மட்டும் வெள்ளிக்கிழமையே எடுத்துவிடுங்கள், 2 நாள் தாங்கும். மற்றவை சனிக்கிழமை காலை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில்.

நார்க்கட்டு:

மேல சொன்ன கணக்கு சரியா இருக்கு. கோக்குற முறையில சில விஷயம் சேர்த்துச் சொல்றேன், அங்கதான் பூ வீணாகும்.

ஊசி 5, 6 அங்குலம் நீளமா, ஒல்லியா இருக்கணும். கோணி ஊசி எடுத்தா பூவுக்கு அடியில இருக்கிற பச்சைக் குவளை பிளந்து இதழ் மொத்தமாக் கொட்டிரும். பருத்தி நூலை இரட்டையாப் போடுங்க. மெல்லிய நைலான் பூவோட கனத்துல அடிக்குவளையை அறுத்துக்கிட்டு இறங்கும். சரத்தோட முனையில வெறும் முடிச்சு நிக்காது, பூ உருவி வந்துரும். அரை அங்குலக் காம்புத் துண்டையோ ஈர்க்குத் துண்டையோ குறுக்க வச்சுக் கட்டிட்டு அதுக்கு மேல கோக்க ஆரம்பிங்க.

ஊசியை முடிஞ்சவரை பச்சைப் பக்கமிருந்து ஏத்தி பூ முகத்து வழியா எடுக்கணும். முகத்துலேருந்து குத்தினா நடு இதழ் கலைஞ்சு போகும். எல்லாப் பூவும் ஒரே பக்கம் பார்த்தா அடிக்கு 10 பூதான். முகத்துக்கு முகம் வச்சுக் கோத்தா சரம் உருண்டையா நல்லா வரும், ஆனா அடிக்கு ரெண்டு மூணு பூ கூடுதலா இழுக்கும். அந்த அழகு கிடைச்சரத்துக்குப் போதும், தொங்குற சரத்துக்கு வேண்டாம். அழுத்தி நெருக்காதீங்க. நெருக்கின பூவுக்குள்ள சூடு தங்கி ராத்திரியோட உள்ளிதழ் கறுக்கும். ரெண்டு பூவுக்கு நடுவுல லேசா அசையுற இடம் இருக்கணும்.

ஒவ்வொரு தொங்குசரத்தோட கீழ் முனையிலயும் 4 சம்பங்கி, அதுக்குக் கீழ ஒரு பட்டன் ரோஸ் வச்சு முடிங்க. 9 முனைக்கும் சேர்த்து ஒரு பிடி பூதான் ஆகும், சரமே வேற மாதிரி தெரியும்.

மாவிலையில தளிர் எடுக்காதீங்க, ஃபேன் காத்துல சீக்கிரமே துவண்டுரும். முத்தின கரும்பச்சை இலைதான் நிக்கும். பறிச்சதும் ஒரு மணி நேரம் தண்ணித் தொட்டியில முழுக்க முக்கி வச்சு, துடைச்சு, காம்புப் பக்கம் மடிச்சு ஈர்க்கால குத்திக் கயித்துல மாட்டுங்க. நெட்டிலிங்க இலையும் தாங்கும். வேப்பிலை அழகா இருக்குன்னு சுவருக்குச் சொருகிராதீங்க, சீக்கிரம் சுருண்டுரும்.

இன்னொண்ணு, அரளி விலை குறைவா இருக்குன்னு யாராவது சொல்லுவாங்க. பூ, இலை, பால் எல்லாமே விஷம். வளைகாப்புன்னா கலந்த சாதம், பலகாரம், பழத்தட்டு எல்லாம் பக்கத்துலயே இருக்கும், சின்னப் பிள்ளைங்க வேற வருவாங்க. அரளி வேண்டாம்.

வேரும்நீரும்:

சனிக்கிழமையே கட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டலாம், ஆனால் வாடுவது எதனால் என்று தெரிந்து வைக்க வேண்டும்.

பறித்த பிறகும் பூ மூச்சுவிடுகிறது. குவியலாக இருந்தால் அதன் வெப்பம் வெளியே போக வழியில்லாமல் நடுவில் உள்ள பூ வெந்து கறுக்கும். அதனால் வாங்கி வந்த பிளாஸ்டிக் பையை வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து, ஈரச் சாக்கு அல்லது ஈரப் பருத்தித் துணி மேல் ஒரு சாண் உயரத்துக்கு மிகாமல் பரப்புங்கள். மேலே இன்னொரு ஈரத்துணி. தண்ணீரை நேரே பூவின் மேல் ஊற்றக்கூடாது. செண்டுமல்லியின் இதழ் அடுக்கில் நீர் தங்கினால் அடியிலிருந்து அழுக ஆரம்பிக்கும், மேலே பார்க்கும்போது தெரியாது, கோக்கும்போது கையோடு வரும்.

இரண்டாவது எதிரி ஃபேன். ஹாலில் இரவு முழுதும் ஃபேன் ஓடினால் சரத்தின் ஓரப் பூக்கள் காய்ந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு மேல் கோத்து முடித்து, சரங்களை ஒன்றன்மேல் ஒன்று போடாமல் ஈரத்துணி மேல் நீளவாக்கில் கிடத்தி, மேலே துணி போர்த்தி, சன்னல் திறந்த ஓர் அறையில் வையுங்கள். ஞாயிறு காலை 6 மணிக்கு மாட்டுங்கள். மாட்டிய பிறகு தெளிப்பானில் ஒரு முறை பொடிச்சாரலாக அடித்தால் போதும்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. வைகாசி மாம்பழக் காலம். சீர்த்தட்டுக்கு மாம்பழமும் வாழைப்பழமும் முதல் நாளே வாங்கிப் பூ இருக்கும் அறையிலேயே வைப்பார்கள். பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். அடைத்த அறையில் ஓர் இரவு சேர்ந்து கிடந்தால் ரோஜா சீக்கிரம் விரிந்து உதிரும், கார்னேஷன் இதழ் உள்நோக்கிச் சுருண்டுவிடும். செண்டுமல்லிக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. விழா நேரத்தில் திறந்த ஹாலில் 3 மணி நேரம் பக்கத்தில் இருப்பதால் ஒன்றும் ஆகாது. இரவு மட்டும் பழம் ஓர் அறை, பூ ஓர் அறை. ரோஜாவை ஃப்ரிட்ஜில் வைப்பதாக இருந்தாலும் அங்கே பழம் இருக்கக் கூடாது. ஆர்க்கிட், ஆந்தூரியம் எது கிடைத்தாலும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெப்பநாட்டுப் பூக்கள், குளிர் தாங்காமல் கறுத்துப்போகும்.

காம்புப் பூவுக்கு வாளித் தண்ணீர்தான் சாப்பாடு. வீட்டுக்கு வந்ததும் அடிக்காம்பில் 2 சென்டிமீட்டரைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டுங்கள். வெளியே வெட்டினால் நீர் ஏறும் குழாய்க்குள் காற்று புகுந்து அடைக்கும், ரோஜா கழுத்தை மடித்துத் தொங்குவது பெரும்பாலும் இதனால்தான். கத்தரிக்கோல் காம்பை நசுக்கும், கூரான கத்தி நல்லது. நீருக்குள் போகும் பகுதியில் இலை, முள் இருக்கக் கூடாது. அதற்கு மேலே உள்ள முள்ளைச் சுரண்டாமல் விடுங்கள், சுரண்டிய காயம் வழியாகக் கிருமி நுழையும்.

ஒரு லிட்டர் நீருக்கு 2 தேக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, துணிக்குப் போடும் திரவ பிளீச் கால் தேக்கரண்டி. சாற்றையும் பிளீச்சையும் தனியே ஒன்றோடொன்று கலக்காமல், ஒவ்வொன்றாக நீரில் விட்டுக் கலக்க வேண்டும். பிளீச் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து, வெறும் தண்ணீரைவிடச் சீக்கிரம் கெட்டுவிடும். ஒரு ரூபாய்க் காசு போடச் சொல்வார்கள். இப்போதைய காசு துருப்பிடிக்காத எஃகு, அதில் செம்பு இல்லை, அதனால் பயனும் இல்லை.

கூடல்நகர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, பயமே போய்விட்டது. மூன்று சந்தேகம். வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கம்பை எப்படி நிறுத்துவது? மேசை அலங்காரத்துக்குப் பூக்காம்பைக் குத்தி வைக்கும் பச்சை நிற ஃபோம் வாங்கச் சொல்கிறார்களே, வாங்கலாமா? உருளியில் பூ போட்டால் ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கி அசிங்கமாகிவிடுகிறது, அதற்கு வழி உண்டா?

உதிரிப்பூ:

கம்புக்கு முதல் வழி, நாற்காலியைத் திரைச்சீலைக் கம்பி இருக்கும் சன்னலுக்கு முன்னால் போடுவது. 3 கிலோவை அந்தக் கம்பி தாங்கும், இருந்தாலும் முந்தைய நாளே ஈரத்துண்டு நாலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் படத்தில் இருண்டுவிடும். சன்னலை அடைத்து, தடித்த வெள்ளை வேட்டியோ கரும்பச்சைப் புடவையோ பின்னால் விட வேண்டும். ஆரஞ்சு, மஞ்சள் பூவுக்குக் கரும்பச்சை எடுப்பாக இருக்கும். பட்டுப்புடவையை விடாதீர்கள், செண்டுமல்லியின் மஞ்சள் கறை போவது கடினம்.

சன்னல் சரிப்படாவிட்டால் 1 அங்குல பிவிசி பைப் 20 அடி நீளம் ஒன்று வாங்கினால் 7, 7, 6 என்று மிச்சமில்லாமல் வெட்டலாம். மூலைக்கு 2 எல்போ. கால்கள் இரண்டையும் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் நட்டு முக்கால் வாளிக்கு மணல் போட்டு இறுக்குங்கள். காலியான வாளியில் செங்கல் மட்டும் வைத்தால் ஆடும். குறுக்குப் பைப் நடுவில் லேசாகத் தொய்யும், உள்ளே துணி காயப்போடும் மூங்கில் கழி ஒன்றைச் செருகினால் தொய்யாது. பைப்புக்குத் தனிச் செலவுதான், ஆனால் அடுத்தடுத்த விசேஷத்துக்கும் ஆகும். பிளம்பிங் வேலை செய்பவர் யாராவது தெரிந்திருந்தால் இரவல் கிடைக்கும்.

சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் கொக்கிகளை நம்பாதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரிலும் ஈரத்திலும் பிடிப்பு விட்டுவிடும்.

நார்க்கட்டு:

ஃபோம் வேண்டாம். ஒரு தடவைதான் ஆகும், குத்தின ஓட்டை திரும்ப மூடாது, மக்கவும் மக்காது. புதுசா செய்றவங்க அதைத் தண்ணிக்குள்ள அமுக்கிருவாங்க. மேல நனைஞ்சு நடுவுல காஞ்ச பொட்டு நின்னுரும், அங்க குத்தின பூ மட்டும் வாடும். உங்ககிட்டதான் வாழைமரம் இருக்கே. வாசலுக்கு நிக்கவைக்கிறப்ப அடியை எப்படியும் ஒழுங்குபண்ணி வெட்டுவாங்க. அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கோங்க, அரை அடித் துண்டு ஒண்ணே போதும்.

அதை நீளவாக்குல ரெண்டாப் பிளந்தா மேசையோட ரெண்டு ஓரத்துக்கும் ஆச்சு. வெட்டின தட்டைப் பக்கம் கீழ, வளைஞ்ச முதுகு மேல. மட்டை மட்டையாப் பிரியாம இருக்க ரெண்டு முனையிலயும் வாழைநாரால இறுக்கிக் கட்டணும். வெட்டின உடனே கறை வடியும், துணியில பட்டா போகாது. அதனால சனிக்கிழமை மத்தியானமே வெட்டி ஒரு மணி நேரம் பேப்பர் மேல சாய்ச்சு வடியவிட்டுத் துடைச்சு, விளிம்பு இருக்கிற எவர்சில்வர் தட்டுல வாழையிலை போட்டு அதுமேல வைங்க.

உதிரிச் செண்டுமல்லிக்கு நீளக் காம்பு இருக்காது, ஈர்க்குச்சிதான் காம்பு. தென்னை விளக்குமாத்துலேருந்து புதுசா உருவி 3, 4, 5 அங்குலம்னு மூணு அளவுல வெட்டுங்க, ஒரு முனை கூர்மையா இருக்கட்டும். பச்சைக் குவளையில கீழருந்து மேல ஏத்தி, முகத்துக்குக் கால் அங்குலம் முன்னாடி நிறுத்துங்க. வெளிய எட்டிப் பார்த்தா பூ நழுவிச் சுத்தும். அடி வரிசையில 3 அங்குலக் குச்சியைச் சாய்வாக் குத்தி மட்டையோட ஓரத்தை மறைங்க. நடுவுல 5 அங்குலக் குச்சி நேரா நிக்கட்டும். மட்டை தெரியுற சந்துலயெல்லாம் நெட்டிலிங்க இலையைப் பாதியா மடிச்சுச் சொருகுங்க. பக்கத்துக்கு 35 பூ சரியா இருக்கும்.

ரோஜாவும் சாமந்தியும் மேல வரணும். ஒவ்வொரு பக்கமும் 5 ரோஜா, காம்பு 7 அங்குலத்துக்கு வெட்டினது. மட்டைக்குள்ள இருக்கிற தண்ணியில ரோஜா ஒரு பகல் தாங்கும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. காம்பை நேரா அழுத்தினா நுனி நசுங்கிரும். முதல்ல தடி ஊசியாலயோ கம்பியாலயோ துளை போட்டுட்டு அப்புறம் நுழைங்க. ரோஜாவை வரிசை கட்டி நிக்கவைக்காம 3 ஒண்ணா, 2 கொஞ்சம் தள்ளி வச்சா போதும். மிச்சம் 10 ரோஜாவைச் சொம்புத் தண்ணியில போட்டு நாற்காலி பக்கத்துல வைங்க. பித்தளைச் சொம்புல எலுமிச்சை கலந்த தண்ணிய நேரா ஊத்தாதீங்க, உள்ள ஒரு கண்ணாடி டம்ளர் இறக்கி அதுல ஊத்துங்க. வாய் அகலமா இருந்து பூ விரிஞ்சு விழுந்தா, டம்ளர் வாய்க்கு மேல செலோ டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக் கட்டம் போட்டு ஒட்டுங்க. ஒரு கட்டத்துக்கு ஒண்ணு ரெண்டு காம்பு. டேப் ஒட்டறப்ப விளிம்பு காஞ்சிருக்கணும்.

கோழிக்கொண்டை அழகுதான், வெல்வெட் மாதிரி இருக்கும். மேசைக்கு மட்டும் வேண்டாம், கறுப்பு விதை வெள்ளை விரிப்பெல்லாம் கொட்டும். உருளியில போடலாம்.

நெல்லைக் கேந்தி:

உருளிக்கு ஒரு வழி சொல்லுதேன். பூ ஒதுங்குறது ரெண்டு காரணத்தால. தண்ணி கூடுதலா இருந்தா பூ மிதந்து சுத்தும், வாசக்காத்து ஒரு பக்கம் தள்ளும். விளிம்புக்கு 2 அங்குலம் கீழ நிக்கிற மாதிரி தண்ணி ஊத்துங்க.

அப்புறம் 9 அங்குல வட்டமா வாழையிலை ஒண்ணு வெட்டி தண்ணி மேல மிதக்க விடணும், பளபளப்பான மேல்பக்கம் மேல பார்த்து. இலையைச் சுத்தி விளிம்பு வரைக்கும் இருக்கிற சந்துல முழுக் கேந்திப்பூவை, அதான் செண்டுமல்லியை, ஒரு வரிசை அடைங்க. 15 பூவுக்குள்ள அடங்கிரும், இலையும் நகராது. கோலம் இலை மேலதான். ஓரத்துல உதிர்த்த மஞ்சள் இதழ், அதுக்குள்ள ஆரஞ்சு இதழ், அப்புறம் வாடாமல்லி ஒரு வட்டம், நடுவுல விரிஞ்ச ரோஜா ஒண்ணு. உதிர்த்த இதழைத் தண்ணியில நேரா தூவினா நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஓரம் பழுப்பேறிரும். இலை மேல காஞ்சபடி இருக்கும், மத்தியானம் வரைக்கும் அப்படியே நிக்கும். 35 பூ போட வேண்டிய இடத்துல 20 பூவுல முடிஞ்சிரும்.

பன்னீர் ரோஜா இதழ் மணமா இருக்கும், ஆனா மெல்லிசு, சீக்கிரம் சுருங்கும். பட்டன் ரோஸை முழுசாவே வைங்க. மிதக்கும் மெழுகுவர்த்தி ஏத்துறதா இருந்தா நடு ரோஜாவ எடுத்துட்டு அங்க வைங்க, சுத்தி 2 அங்குலம் வெறும் இலை தெரியட்டும். புடவை முந்தி படுற வாசல்னா மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.

பிள்ளத்தாச்சிப் பொண்ணு உக்கார்ற இடத்துல சம்பங்கியைக் குறைச்சிக்கோங்க. அந்த மணம் சிலருக்குக் குமட்டும். தங்கச்சிகிட்ட முன்னாடியே ஒரு பூவைக் குடுத்துக் கேட்டுக்கோங்க. ஆகலைன்னா சர முனையில சம்பங்கிக்குப் பதிலா வெள்ளைச் சாமந்தி.

வேரும்நீரும்:

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று விட்டுப்போனது. செண்டுமல்லியை மேலே பார்த்து வாங்காதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள். அடிக்குவளை பச்சையாக, அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். மஞ்சளித்து மெத்தென்று இருந்தால் பழைய பூ, ஞாயிற்றுக்கிழமை தாங்காது. எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் தெளித்த பூவை இரண்டு உள்ளங்கையிலும் அள்ளினால் கை நனையும். எடைக்குக் காசும் போகும், இரவுக்குள் அழுகவும் செய்யும். ரோஜாவில் வெளி இதழ் ஒன்றிரண்டு கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், அது காப்பிதழ், உரித்துவிடலாம். பூவின் அடியை இரண்டு விரலால் அமுக்கினால் கெட்டியாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. சம்பங்கி மொட்டாக இருக்க வேண்டும், பாதிக்கு மேல் விரிந்திருந்தால் சனிக்கிழமை இரவே சோரும்.

ரோஜா கழுத்து மடிந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். மறுபடி தண்ணீருக்குள் 2 சென்டிமீட்டர் வெட்டி, தலை நிமிர்ந்து நிற்கும்படி நாளிதழில் இறுக்கமாகச் சுற்றி, கழுத்துவரை நீரில் 2 மணி நேரம் நிறுத்துங்கள். அடைப்பு காற்றால் என்றால் நிமிர்ந்துவிடும். அப்படியும் நிமிராததை உருளிக்கு இதழாக உதிர்த்துக்கொள்ளலாம்.

ஜெர்பராவை யாராவது அன்போடு வாங்கி வந்துவிட்டால், அதற்கு ஆழ நீர் ஆகாது. தண்டில் மெல்லிய ரோமம் உண்டு, நீரில் மூழ்கிய பகுதி சீக்கிரம் அழுகி மேலே நீர் போகாமல் தலை சாய்ந்துவிடும். 4 சென்டிமீட்டர் நீர் போதும், அடிக்கடி மாற்ற வேண்டும். தண்டை உறிஞ்சுகுழலுக்குள் விட்டால் நிமிர்ந்து நிற்கும்.

கூடல்நகர்:

சம்பங்கி மணம் தங்கச்சிக்கு ஆகவில்லை, சாமந்திக்கு மாற்றிவிட்டேன். வாழைமரம் கட்டுபவரிடம் அடித்துண்டைச் சொல்லிவைத்தாயிற்று. ஒன்று மட்டும்: 28 அடிச் சரத்தை 3 பேர் கோக்க எவ்வளவு நேரம் ஆகும்? முடிந்த பிறகு இவ்வளவு பூவை என்ன செய்வது?

நார்க்கட்டு:

280 பூ. பழகாத கைன்னாலும் ரெண்டு பேர் கோத்து, ஒருத்தர் பூவைத் தரம் பிரிச்சு ஊசியில நூல் போட்டுக் குடுத்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியும். பெரிய பூவெல்லாம் கிடைச்சரத்துக்கும் உருளி ஓரத்துக்கும் முதல்லயே எடுத்து வச்சிருங்க. சின்னதும் லேசா அடிபட்டதும் 4 அடிச் சரத்தோட மேல் பாதிக்குப் போகட்டும். ஒவ்வொரு சரத்தோட மேல் முனையிலயும் ஒரு சாண் நூல் விட்டு வெட்டுங்க. கம்புல ரெண்டு சுத்து சுத்திக் கட்ட அது வேணும், ஒட்ட வெட்டிட்டுக் காலையில 6 மணிக்கு நூல் தேடுறவங்கதான் அதிகம். சரத்துக்கு 1லேருந்து 9 வரைக்கும் நம்பர் எழுதின சீட்டு கட்டி வச்சா மாட்டுறது கால் மணி நேர வேலை.

விழா முடிஞ்ச அன்னிக்கே இறக்கிருங்க, மறுநாள்னா வாடை வரும். நூலையும் கட்டுக்கம்பியையும் உருவி எடுத்துட்டு இதழை உதிர்த்து நிழல்ல ஒரே அடுக்காப் பரப்பினா நாலஞ்சு நாள்ல காயும், நவராத்திரிக் கோலத்துக்கு வச்சுக்கலாம். பச்சைக் குவளையும் வாழைமட்டையும் துண்டு துண்டா நறுக்கித் தொட்டி மண்ணோட கலந்தா மக்கிரும். ஈர்க்குச்சியைக் கழுவிக் காயவச்சு எடுத்து வைங்க, அடுத்த விசேஷத்துக்கும் அதேதான்.